கட்லெட் ஹாலின் இடைவேளை

அந்த நாடக அரங்கத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. வாசல் தூணில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்துக் கட்டிய பெரிய மனிதர் தன் பெயரோடு நிறுத்தாமல் அப்பா பெயரையும் சேர்த்துவிட்டதால், அது ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற பெயராக இல்லை. ஊரார் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கட்லெட் ஹால் என்றார்கள். பேருந்து நடத்துநர்கூட அப்படிக் கூவித்தான் ஆட்களை இறக்கிவிடுவார். நாடகம் போடுகிறவர்களுக்கு இதில் ஏக வருத்தம். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தொண்டை கிழியப் பேசி நடித்துவிட்டு வெளியே வந்தால், எதிரே வருகிறவர் "கட்லெட் தீந்துடுச்சா?" என்று கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

இந்த வலிக்கெல்லாம் காரணமானவர் மேடைச் சுவரை ஒட்டிய நீண்ட சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு நிற்பார். கேன்டீன்காரர் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். குள்ளமான ஆள், கெட்டியான தோள், கண்ணாடியில் எப்போதும் எண்ணெய்ப் புகை. கோபம் வந்தால் ஆளைத் திட்டமாட்டார், அடுப்பைத் திட்டுவார். கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ ராஜாக்கள் செத்தார்கள், எத்தனையோ கல்யாணங்கள் நின்று நடந்தன. அவர் ஒன்றையும் பார்த்ததில்லை. நாடகம் நடக்கிற நேரம்தானே கட்லெட் வேகிற நேரம்?

சமையலறையிலிருந்து மேடைப் பக்கம் போக ஒரு சின்னக் கதவு இருந்தது. எண்ணெய் வாடை வருகிறது, சோக வசனம் பேசும்போது வாயில் எச்சில் ஊறுகிறது என்று நடிகர்கள் புகார் சொன்னதால் அரங்க மேனேஜர் அந்தக் கதவை அந்தப் பக்கம் தாழ் போடச் சொல்லிவிட்டார். ஆகவே மனிதருக்கு மிஞ்சியது காது. சுவர் வழியாக வார்த்தை வராது. குரலின் மேடு பள்ளம் வரும், சிரிப்பு வரும், கைதட்டல் நன்றாக வரும். அதில் அவர் பெரிய நிபுணர் என்று அவருக்கு நினைப்பு. "இது சொந்தக்காரங்க தட்டுறது, முன்னாடி மட்டும் சத்தம் வருது பாரு" என்பார். "இது பாதிப் பேரு தூங்கி எழுந்து தட்டுறது" என்பார். கூட வேலை செய்யும் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, தலையாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்குவான்.

இந்தக் காதை நம்பித்தான் அரங்கத்தின் இடைவேளையே நடந்தது. அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். முன்பு இடைவேளைக்கு மின்சார மணி இருந்தது. அது கெட்டுப்போனபோது மேனேஜர் அதைச் சரிசெய்ய மனம் வராமல் யோசித்தார். ஒரு ஆணி வாங்கவும் மூன்று பேரிடம் யோசனை கேட்கிற மனிதர் அவர். அப்போதுதான் அவருக்குக் கேன்டீன் ஷட்டர் ஞாபகம் வந்தது. ஒரு பக்கத் தண்டவாளம் வளைந்துபோன இரும்பு ஷட்டர் அது. முழங்காலால் முட்டு கொடுத்து, தோளைச் சேர்த்து ஒரு உந்து உந்தினால்தான் மேலே போகும். போகும்போது போடுகிற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும். "உன் ஷட்டர் இருக்கும்போது மணி எதுக்கு?" என்று கேட்டார் மேனேஜர். அவ்வளவுதான். முதல் பாதி முடிந்து கைதட்டல் கேட்டதும் கேன்டீன்காரர் ஷட்டரைத் தூக்குவார். அதைக் கேட்டு லைட் போடுகிறவர் அரங்க விளக்குகளைப் போடுவார். விளக்கைப் பார்த்துத் திரை இழுப்பவர் திரையை இழுப்பார். ஜனங்கள் எழுந்து வருவார்கள். பல வருஷம் இது ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒருவர், நகரத்தில் எங்கே சாப்பிடலாம், எங்கே பாட்டும் கூத்தும் பார்த்து மாலையைக் கழிக்கலாம் என்று எழுதிவந்தார். ஓவியக் கூடத்தில் படங்கள் அருமை, காபியைக் குடித்தால் படம் மறந்துவிடும் என்று எழுதினார். பாட்டுக் கச்சேரி நடக்கும் அரங்கில் நாற்காலி மெத்தென்று இருக்கும், வாயில் போட ஒன்றும் கிடைக்காது என்று எழுதினார். இந்த அரங்கத்தைப் பற்றி எழுதியது இது: "நாடகம் முன்னே பின்னே இருக்கலாம். கட்லெட் ஏமாற்றாது. மணிக்காகக் காத்திருக்க வேண்டாம், ஷட்டர் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுங்கள். முந்தியவருக்குச் சூடாகக் கிடைக்கும்." கேன்டீன்காரர் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து ஷட்டர் சத்தம் கேட்டால் முன்வரிசைப் பெரியவர்கள்கூட முழங்கால் வலியை மறந்தார்கள்.

அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். துணியோடு பேசுவாள், நூலோடு பேசுவாள், அவற்றோடு பேசாத நேரத்தில் கணவரிடம் பேசுவாள். மேடைத் திரை நடுவில் கிழிந்தபோது, அதைக் கழற்றிக் கடையில் கொடுத்தால் செலவு என்று மேனேஜர் இவளை மேடைக்கே வரச் சொல்லித் தைக்க வைத்தார். மேடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவள் திரையைத் திட்டியபடி தைத்தாள். "எத்தன பேரோட அழுக்குக் கைய வாங்கியிருக்கே நீ! ஒருத்தனுக்காவது உன்னத் துவைக்கணும்னு தோணுச்சா?" கீழே இருட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் நாடகம் போட இடம் பார்க்க வந்த டைரக்டர் அவர். பகலில் வங்கி உத்தியோகம், மற்ற நேரத்தில் நாடகப் பைத்தியம். எழுந்து வந்து கேட்டார். "அம்மா, நீங்க எங்க நாடகத்துல நடிக்கிறீங்களா?"

"திரை தைக்க வந்தவள நடிக்கக் கூப்பிடுறீங்களே, நடிக்க வந்தவங்கள என்ன தைக்கவா விடுவீங்க?" என்றாள். ஆனால் வீட்டுக்கு வந்து, சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு, "என்னங்க, நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள். கேன்டீன்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டதாக அவருக்கு ஞாபகமில்லை.

நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு காட்சி. முதல் பாதியின் கடைசிக் காட்சி. மகன்கள் இருவரும் வீட்டை விற்க முடிவு செய்துவிட்டு, அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது வந்து சம்மதம் கேட்கிறார்கள். அம்மா முதலில் படபடவென்று பேசுகிறாள். வீட்டைப் பற்றி அல்ல, சாமான் விலையைப் பற்றி, குழாய் ஒழுகுவதைப் பற்றி. அப்புறம் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். குழாயில் கையை வைத்தபடி நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். கடைசியில் தணிந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். அத்தோடு இடைவேளை. அதற்குப் பிறகு நாடகத்தில் அம்மா வருவதே இல்லை. நாடகமே அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்பார் டைரக்டர். அந்த மௌனத்தை நீட்ட வேண்டும், பார்க்கிறவன் நாற்காலியில் நெளிகிற வரைக்கும் நீட்ட வேண்டும் என்பார்.

ஒத்திகை வீட்டிலும் நடந்தது. கேன்டீன்காரர் கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்தால், மனைவி குழாயில் கை வைத்துக்கொண்டு சிலையாக நிற்பாள். முதல்முறை பயந்தே போனார். "ஏம்மா, மயக்கம் கியக்கம் வருதா?" என்று தோளைத் தொட்டார். அவள் திரும்பாமல், "கெடுத்தீங்களே" என்றாள். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்த நிற்றலைப் பார்ப்பார். ஓயாமல் பேசுகிறவள் வாயை மூடினால் வீடு இவ்வளவு பெரிதாகிவிடுமா என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் வீட்டில் சொன்னதில்லை.

"என்னதான் சொல்லுவே? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"அத இங்க சொல்றதுக்கில்ல. வந்து உக்காந்து கேளுங்க. உங்களுக்கும் டிக்கெட் உண்டு."

"அடுப்ப யாரு பாத்துக்குவா?"

"என் தம்பி எதுக்கு இருக்கான்? ஒருநாளாவது சுவத்துக்கு அந்தப் பக்கம் வாங்களேன்." விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை. அவர் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அரங்கம் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இன்னொரு நாள் வாடகைக்கு எடுக்கிற வசதி அந்தக் குழுவுக்குக் கிடையாது. கேன்டீன்காரர் ஒரு வாரமாக மைத்துனனுக்கு ஷட்டர் தூக்கப் பழக்கினார். முழங்காலை எங்கே வைப்பது, தோளை எப்போது கொடுப்பது என்று ஆளையே பாடாய்ப் படுத்தினார். அன்று காலையிலேயே மாவு பிசைந்து, கட்லெட் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி அடுக்கி வைத்தார். சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு அரங்கத்துக்குள் போனார். ஓரத்து நாற்காலி. தன் கேன்டீன் இருக்கிற கட்டடத்தின் கூரை இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. விளக்கு அணைந்து திரை விலகியபோது, திரை நடுவில் மனைவி போட்ட தையல் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு காட்சி ஓடியது. மகன்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள். அடுத்தது அவள் காட்சி என்று அவர் நிமிர்ந்து உட்காரும்போது, இருட்டில் குனிந்தபடி ஒருவன் வந்தான். மைத்துனன். "மாமா, வாங்க" என்றான். "கையில எண்ணெய் கொட்டிடுச்சு மாமா."

வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தார். முழங்கை வரை சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிப்பவரோடு அவனை மருத்துவரிடம் அனுப்பினார். பின்னாலேயே மேனேஜர் ஓடிவந்தார். "ஹால் நிறைஞ்சிருக்கு. இடைவேளை நெருங்குது. அடுப்புல யாரு?"

"சார், இன்னைக்கு ஒருநாள் கேன்டீன் லீவுன்னு சொல்லிடலாம் சார். அடுத்த சீன்ல என் சம்சாரம் வர்றா."

"சொல்லலாம்யா. இடைவேளையை யாரு விடுறது? நான் நின்னு கத்தினா எவன் எந்திரிப்பான்? லைட்காரனும் உன் ஷட்டரத்தான் நம்பி உக்காந்திருக்கான்." சொல்லிவிட்டு மேனேஜர் அவர் தோளில் கை வைத்தார். "உனக்குத்தான் காது இருக்கே. சுவத்துல வச்சுக் கேளு."

மேனேஜரும் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை, கேன்டீன்காரருக்கும் தெரியவில்லை. சமையலறைக்குள் போனால் தரையெல்லாம் எண்ணெய். கோணிச் சாக்கைப் போட்டு மிதித்து, மீதி எண்ணெயை வாணலியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். ஓடிப்போய் அந்தச் சின்னக் கதவைத் தட்டினார். யாராவது ஒரு விரல் அளவு திறந்தால் போதும், எட்டிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கமிருந்து யாரோ, "உஷ்! நாடகம் நடக்குதில்ல?" என்றார்கள். தாழ் தாழாகவே இருந்தது.

அப்போது அவள் குரல் கேட்டது.

வார்த்தை வரவில்லை. சுவர் அதை விடாது. ஆனால் அவளுடைய மேடு பள்ளம் அவருக்குத் தெரியாததா? சாமான் விலை, குழாய் ஒழுகல் எல்லாம் அதே ஏற்ற இறக்கத்தில் வந்தன. ஜனங்கள் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். இவரும் தனியாக நின்று சிரித்தார். சட்டையில் எண்ணெய் தெறித்திருப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு குரல் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. குழாயில் கையை வைத்துவிட்டாள். நிற்கிறாள். அரங்கமே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் செய்யக்கூடாததைச் செய்தார். செய்தது தப்பென்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. மௌனம் முடிந்ததும் அந்த வாக்கியம், அதற்கடுத்து கைதட்டல், அதற்கடுத்து கூட்டம் என்று கணக்குப் போட்டு, முதல் ஈடு கட்லெட்டை எண்ணெயில் இறக்கினார். வாணலி இரைந்தது. அந்த இரைச்சலில் சுவரில் காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லப்போவதே தணிந்த குரல். அதைக் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். சொல்லியிருப்பாள், இந்நேரம் சொல்லியிருப்பாள் என்று ஜல்லிக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டல். முன்னால் ஆரம்பித்துப் பின்னால் வரை போனது. சொந்தக்காரர் தட்டல் அல்ல, தூங்கி எழுந்தவர் தட்டல் அல்ல. மனசாரத் தட்டுகிறார்கள் என்று அவருடைய காது சொன்னது. ஜெயிச்சுட்டா என்று நினைத்தார். கண்ணில் நீர் கட்டியது. முழங்காலை முட்டு கொடுத்து, தோளைச் சேர்த்து, வாழ்க்கையில் என்றும் தூக்காத வேகத்தில் ஷட்டரைத் தூக்கினார்.

விளக்குகள் எரிந்தன. திரை விழுந்தது. கூட்டம் வந்தது.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். "பாவம்யா அந்தம்மா" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "நல்லா பேசிட்டு இருந்தாங்க. பொசுக்குனு மறந்துபோச்சு."

"ஆமா, எவ்வளவு நேரம் நின்னாங்க! என்னால பாக்கவே முடியல. அதான் நாங்க எல்லாரும் கைதட்டி, பரவால்ல சொல்லுங்கம்மான்னு தைரியம் குடுத்தோம்."

கேன்டீன்காரரின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு மண்டையில் உறைத்தது. அவள் சொல்லவில்லை. சொல்லப்போனாள். மௌனத்தில் அவ்வளவு நன்றாக நின்றிருக்கிறாள், அதை ஜனங்கள் மறதி என்று நினைத்துத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அதையும் தாண்டி அவள் வாயைத் திறந்திருப்பாள். திறக்கிற நேரத்தில் இவர் ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

"சரியான சமயத்துல தூக்குனீங்கண்ணே" என்றாள் ஒரு பெண், தட்டை வாங்கிக்கொண்டே. "அவங்க மானத்தக் காப்பாத்துனீங்க."

"மறக்கலம்மா" என்றார் அவர். "அது அப்படித்தான். அவ மறக்கல."

"சாஸ் இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார் பின்னால் நின்றவர்.

அவர் சாஸ் போட்டார். வேறு என்ன செய்வது? கவுண்டரை விட்டு நகர வழியில்லை. ஆளுக்கு ஒரு கை நீள்கிறது, ஒவ்வொரு கைக்கும் ஒரு தட்டு. தட்டு கொடுக்கும்போதெல்லாம், "அவ மறக்கல சார்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் நின்று, "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் இங்க நின்னீங்களே" என்றார். அவர் அடுத்த தட்டை எடுத்து நீட்டினார். அன்று கட்லெட் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கூட்டம் குறைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினார். டைரக்டர் ஒரு பெட்டிமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், இடைவேளை முடிஞ்சதும் மறுபடியும் ஒரு தடவை அந்த சீனைப் போட்டுடுங்க சார். நான் ஷட்டர் பக்கமே போகமாட்டேன். உங்க கால்ல வேணா விழறேன்."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். "நேரத்துக்கு ஹாலை விடணும்ங்க. அடுத்து ஹாலை எடுத்தவங்க வந்து வாசல்ல நிக்கிறாங்க. அப்படியே போட்டாலும், எல்லாரும் வாயில கட்லெட்டோட உக்காந்திருக்காங்க. அவங்கள எப்படிங்க அந்த மௌனத்துக்குத் திரும்பக் கூட்டிட்டு வர்றது?"

அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையில் தடவிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி தலை கறுப்பாகவும் பாதி தலை வெளுப்பாகவும் இருந்தது. துடைக்கத் துடைக்க உண்மையான நரை எது, பூசியது எது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றார். அவளே கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "தம்பிக்கு கை எப்படி இருக்கு?" என்றாள்.

"டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன்."

"சட்டையெல்லாம் எண்ணெயாக்கிட்டீங்க. இப்பத்தான இஸ்திரி போட்டோம்."

திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திரையைத் திட்டுகிறவள், நூலைத் திட்டுகிறவள் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் மகன்கள் வீட்டை விற்றார்கள். அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று தெரியாமலே ஜனங்கள் பார்த்தார்கள். முடிந்ததும் மரியாதைக்குத் தட்டினார்கள்.

பேருந்தில் வரும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "அந்தக் கடைசி வார்த்தையை எனக்காவது சொல்லேன்."

"அத இங்க சொல்றதுக்கில்ல" என்றாள். முன்பு சொன்ன அதே சொல்தான். முன்பு அதில் சிரிப்பு இருந்தது.

அவர் எத்தனையோ விதமாக முயன்றார். ஒருநாள் வீட்டில் முக்காலியைக் குழாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்து, "நான் ஒருத்தன் கேட்டா போதாதா?" என்றார். அவள் குழாயைத் திறந்து அரிசியைக் கழுவினாள். மூன்று மாதம் கழித்து டைரக்டர் வேறு நாடகத்துக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். பள்ளி திறக்கப் போகிறது, சீருடை வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுபடி அவர் கூப்பிடவில்லை. டைரக்டர்களுக்கு அம்மாக்கள் கிடைப்பது கஷ்டமா என்ன?

கேன்டீன்காரருக்குத்தான் அன்றோடு காது போனது. கேட்காமல் போகவில்லை, நம்பிக்கை போய்விட்டது. கைதட்டல் வந்தாலும் கை ஷட்டரிடம் போகாது. இது இடைவேளையா, இல்லை யாராவது மேடையில் தவித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று சந்தேகம் வரும். இரண்டு நாடகத்தில் ஷட்டர் எழவே இல்லை. ஜனங்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், நடிகர்கள் விழித்தார்கள். மேனேஜர் வந்து கத்தினார். கடைசியில் மூன்று பேரிடம் யோசனை கேட்டு ஒரு முடிவுக்கு வந்தார். மணி வாங்கவில்லை. அந்தச் சின்னக் கதவின் தாழை எடுத்துவிட்டார். கொஞ்சமாகத் திறந்து வைத்து, நாடகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், நேரம் வந்ததும் கேன்டீன்காரருக்குச் சொல்ல வேண்டும். மைத்துனனுக்குக் கை இன்னும் முழுதாக ஆறவில்லை, அவன் பங்கு வேலையும் பாதி இவர் தலையில். யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, "நான் வந்து நிக்கிறேன்" என்றாள் மனைவி.

வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் எதற்கு வருகிறாள் என்றும் தெரியவில்லை. தண்டனையா, தயவா? ஞாயிற்றுக்கிழமைதோறும் தையலை மூடி வைத்துவிட்டு அவரோடு பேருந்தில் வருவாள். கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் அவள் பார்ப்பாள், அவர் அவளைப் பார்ப்பார். "இப்பத் தூக்குங்க" என்பாள். அவர் தூக்குவார். ஒருநாளும் தப்பவில்லை. கூட்டம் வந்து தின்றுவிட்டுப் போகும்.

அன்றொரு நாள் வேறு ஒரு குழு, வேறு ஒரு நாடகம். எண்ணெய் காய்ந்துவிட்டது. கேன்டீன்காரர் ஷட்டர் கைப்பிடியில் கை வைத்து, முழங்காலை முட்டு கொடுத்துத் தயாராக நின்றார். மேடையில் குரல்கள் நின்றன. அவள் இடுக்கில் பார்த்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டி, இருங்க என்று காட்டினாள். அவர் இருந்தார். கட்லெட்டைக்கூட எண்ணெயில் போடவில்லை. கைதட்டல் கேட்டது. அவள் கை இறங்கவில்லை. தட்டல் ஓய்ந்தது. திறந்த இடுக்கு வழியாக ஒரு இளம்பெண்ணின் குரல் மெதுவாக ஏதோ சொல்லி முடித்தது. ஒரு கணம் எங்கும் சத்தமில்லை. அதற்குப் பிறகு வந்த கைதட்டலில் அடுப்பு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், கதவில் முகத்தை வைத்தபடி அவள் உதடுகள் அசைந்தன. அவர் பார்த்தார். வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தது, குழாயைப் பிடிக்கிற மாதிரி. ஒரே ஒரு வாக்கியம். சொல்லி முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அரங்கம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்துகூட அவர் காதில் விழவில்லை.

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டார். கத்தித்தான் கேட்டார்.

அவள் திரும்பினாள். "ஒண்ணுமில்ல" என்றாள். "தூக்குங்க, நேரமாச்சு."

அவர் முழங்காலை முட்டு கொடுத்து ஷட்டரைத் தூக்கினார்.